பால் சேராத சூப்பும் பனை தந்த கூழும்



"இந்தக் குளிருக்குப் பாலும் கிறீமும் சேராத, உடம்புக்கு நல்ல ஒரு மரக்கறிச் சூப் சொல்லுங்கோ" என்று நேயர் ஒருவர் கடந்த தை மாத நிகழ்ச்சியில் தொலைபேசியில் கேட்டிருந்தார். அவருடைய தாயாருக்குப் பால் குடித்தால் வயிறு ஊதும். மகளோ பால், இறைச்சி இரண்டையும் அடியோடு விட்டுவிட்டார். இருவருக்கும் ஒரே சட்டியில் சமைக்க வேண்டும் என்பது அவருடைய தேவை. நான் கணக்குப் பார்க்கிற ஆள், சமையற்காரன் அல்ல. ஆனாலும் ஒடியற்கூழ் என்று உடனே பதில் சொன்னேன். எனக்கு ஒதுக்கப்பட்டிருந்தது நான்கு நிமிடம். அதற்குள் சொல்ல முடியாமற் போனவற்றை இங்கே எழுதுகிறேன்.

அன்றைக்கே இன்னொரு நேயர் அழைத்து, "மீனும் நண்டும் போடாமல் கூழா?" என்று சிரித்தார். ரொறன்ரோவில் கோடைகால ஒன்றுகூடல்களில் நாங்கள் பெரிய கிடாரத்தில் காய்ச்சுகிற கூழில் நண்டு, இறால், மீன்தலை எல்லாம் மிதக்கும். அதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த எண்ணம் வருவது இயல்பு. ஆனால் கூழைக் கூழாக்குவது மீன் அல்ல. ஒடியல் மா, பழப்புளி, செத்தல் மிளகாய் ஆகிய மூன்றுந்தான். கடலோர ஊரவர் கடலில் கிடைத்ததைப் போட்டார்கள். சைவ வீடுகளில் பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி, கீரை என்று வளவில் கிடைத்ததைப் போட்டார்கள். எந்த வகையிலும் பால் கிடையாது. உலகில் வளர்ந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்குப் பாலிலுள்ள சர்க்கரையைச் சமிக்கச் செய்யும் ஆற்றல் குழந்தைப் பருவத்துக்குப் பின் குறைந்துவிடுகிறது. எங்கள் ஆட்களில் பலரும் அதற்குள் அடக்கம். ஆகவே அந்தத் தாயாருக்கு இருப்பது நோயென்று சொல்ல முடியாது.

கூழ் என்ற சொல்லையே கொஞ்சம் பார்ப்போம். திருக்குறளில் ஓர் அரசனுக்கு இருக்க வேண்டியவை என்று அடுக்கப்படும் ஆறில் கூழும் ஒன்று. அங்கே அதன் பொருள் நாட்டின் உணவு வளம். பிள்ளைகளின் சின்னக் கை அளைந்த உணவைப் பற்றிப் பேசும் இடத்திலும் வள்ளுவர் இதே சொல்லைத்தான் கையாளுகிறார். பிற்காலத்தில் சொல் இறங்கிவிட்டது. ஔவையார் கூழுக்குப் பாடினார் என்று சொல்லும்போது அது ஏழையின் சாப்பாடு. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்று கேலியும் வந்துவிட்டது. அரசனின் ஐந்தொகையில் சொத்தாக இருந்த ஒன்று பின்னர் இல்லாதவனின் அடையாளமாக மாறியது என்று என் தொழில் மொழியில் சொல்லலாம்.

யாழ்ப்பாணத்துக் கூழின் மூலதனம் பனை. வில்லியம் பேர்குசன் என்பவர் 1850இல் கொழும்பில் பனைமரத்தைப் பற்றியே தனிநூல் ஒன்றை வெளியிட்டார். பனையின் 801 பயன்களைச் சொல்லும் 'தாலவிலாசம்' என்ற தமிழ்ச் செய்யுள் நூலை ஆங்கில வாசகருக்கு அறிமுகப்படுத்தியவரும் அவரே. அந்த 801இல் ஒன்றை மட்டும் இங்கே பார்ப்போம். பனம்பழம் விழும் காலத்தில் கொட்டைகளைப் பொறுக்கிப் பாத்தி கட்டிப் புதைப்பார்கள். மாரி மழையில் அவை முளைத்துக் கிழங்கு இறங்கும். தை, மாசியில் கிண்டி எடுப்பார்கள். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். அவிக்காமல் தோலுரித்து, இரண்டாகக் கிழித்துப் பங்குனி வெயிலில் காயவைத்தால் ஒடியல். காய்ந்த ஒடியல் கெடாமல் நெடுங்காலம் இருக்கும். நெல் பொய்த்தாலும் கப்பல் வராவிட்டாலும் உரலில் போட்டு இடித்தால் சாப்பாடு. ஆறு இல்லாத, மழையையும் கிணற்றையும் நம்பிய குடாநாட்டுக்கு இது சேமிப்புக் கணக்கு மாதிரி.

இந்த இடத்தில் ஒன்றை மறைக்கக் கூடாது. மரத்தில் ஏறியவர்களும் பாத்தி கிண்டியவர்களும் உரலில் மா இடித்தவர்களும் பெரும்பாலும் யார், அவர்களை ஊர் எப்படி நடத்தியது என்பது எங்கள் மூத்தவர்களுக்குத் தெரியும். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஆலயப் பிரவேசத்துக்காகப் போராட வேண்டியிருந்த சமூகம் எங்களுடையது. கூழை எல்லாரும் வட்டமாக இருந்து பனையோலைப் பிளாவில் குடித்தோம் என்று பெருமையாகப் பேசுகிறோம். அந்த வட்டத்துக்குள் யார் இருந்தார், யார் வேலிக்கு வெளியே நின்றார் என்பதையும் பிள்ளைகளுக்குச் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இனி, "எங்கள் ஆதிகாலத்து உணவு, அதில் ஒன்றையும் மாற்றக் கூடாது" என்பவர்களுக்கு ஒரு சேதி. செத்தல் மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். போர்த்துக்கேயரின் கப்பல்கள் பதினாறாம் நூற்றாண்டில் எங்கள் கரைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன் உறைப்புக்கு இருந்தது மிளகு. மிளகு போல உறைக்கும் காய் என்பதால்தான் மிளகாய் என்று பெயர் வைத்தோம். மரவள்ளியும் அதே அமெரிக்கக் கண்டத்தது. ஒல்லாந்தர் ஆட்சியின் கடைசிக் காலத்தில் மொரீசியஸ் வழியாக இலங்கைக்கு வந்ததென்பர். ஆகவே சங்கிலி மன்னன் கூழ் குடித்திருந்தால் அதில் மரவள்ளி இருந்திருக்காது. எங்கிருந்தோ கடல் கடந்து வந்து சேர்ந்தவை கூழுக்குள் கரைந்து ஊர்க்காரராகிவிட்டன. கனடாவில் நாங்கள் பசளிக்கீரையையும் பூசணியையும் காளானையும் போட்டால் கூழ் கெட்டுவிடும் என்று நான் நம்பவில்லை.

1942ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். பெப்ரவரியில் சிங்கப்பூரும் மார்ச்சில் இரங்கூனும் யப்பானியர் கையில் விழுந்தன. இலங்கை தின்ற அரிசியில் பெரும்பகுதி பர்மாவிலிருந்து வந்துகொண்டிருந்தது. அது நின்றது. ஏப்ரலில் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு விழுந்தது. அரிசிக்குப் பங்கீடு வந்தது. யாழ்ப்பாணத்துக்கு இன்னோர் அடியும் இருந்தது. மலாயாவில் புகையிரதப் பகுதியிலும் கந்தோர்களிலும் வேலை செய்த பிள்ளைகள் அனுப்பிய மணியோடர் ஒரேயடியாக நின்றுபோனது. காசும் இல்லை, அரிசியும் இல்லை. 'மலாயன் பென்சனியர்' வீடுகளிலும் ஒடியல் மா அடுப்பேறிய காலம் அது. அதே 1942இன் யூலையில் கனடா அரசு தன் மக்களுக்கு முதன்முதலாக உணவு விதிகளை வெளியிட்டது. அதில் முதலிடத்தில் இருந்தது பால். வளர்ந்தவருக்கு நாளுக்கு அரைப் பைந்து, பிள்ளைகளுக்கு ஒரு பைந்துக்கு மேல். நாங்கள் இங்கே வந்திறங்கிய காலத்திலும் அந்த வழிகாட்டியின் பிற்காலப் பதிப்புகள் பாலை ஒரு தனி வகுப்பாகவே வைத்திருந்தன. பள்ளிக்கூடத்தில் அதைப் படித்துவிட்டு வந்த பிள்ளைகள் அம்மம்மாவுக்குப் பாடம் நடத்திய வீடுகள் பல. 2019இல் வந்த புதிய வழிகாட்டியில் பாலுக்கென்றிருந்த தனி வகுப்பு நீக்கப்பட்டது. தாவரங்களிலிருந்து வரும் புரதத்தை அடிக்கடி தெரிவு செய்யுங்கள் என்று அது சொல்கிறது. அம்மம்மா ஒன்றும் சொல்லாமல் இருந்தது நல்லதாகப் போயிற்று.

இரண்டாவது முறை ஒடியல் எங்களைத் தாங்கியது 1990க்குப் பிறகு. பொருளாதாரத் தடையும் ஏ-9 பாதை மூடலும் ஒன்றாக வந்தன. எரிபொருள், பற்றரி, சவர்க்காரம், உரம் எல்லாம் தடைப்பட்டியலில். ஜாம் போத்தலில் திரி போட்டு விளக்கு எரித்தோம். சைக்கிளைக் கவிழ்த்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்டோம். வானொலியின் அருமை தெரிந்த தலைமுறை எங்களுடையது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். வணிகம் படித்துக்கொண்டிருந்த எனக்குத் தட்டுப்பாடு என்றால் விலை எப்படி ஏறும் என்று வகுப்பில் சொன்னார்கள். சந்தையில் அது கண்முன்னால் நடந்தது. அப்போதும் வளவில் நின்ற பனைக்குக் கப்பல் தேவைப்படவில்லை. ஆனால் அந்தப் பனைகளே பின்னர் பதுங்குகுழிக் குற்றிகளாகவும் காவலரண் சுவர்களாகவும் ஆயிரக்கணக்கில் தறிக்கப்பட்டன. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு நடந்தவர்களுக்கு எந்த வளவும் இல்லாமற் போயிற்று. 2009இல் முள்ளிவாய்க்காலில் அரிசியும் தண்ணீரும் உப்பும் மட்டுந்தான். ஒவ்வொரு மே மாதமும் அந்தக் கஞ்சியை நாங்கள் வாங்கிக் குடிப்பதன் காரணம் நேயர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டையும் குழப்பக் கூடாது என்பதற்காக மட்டும் குறிப்பிடுகிறேன். அந்தக் கஞ்சிக்குள் மரக்கறி போட்டு ருசியாக்குவது முறையல்ல. கூழுக்குள் எதையும் போடலாம்.

அஜின்கோர்ட்டில் இருப்பவர்களுக்கு ஒரு சுவையான செய்தி. கிளென் வாற்போர்ட் வீதியில் 1984இல் சீன வணிக வளாகம் ஒன்று திறந்ததிலிருந்து இந்தப் பகுதியில் சீன உணவகங்கள் பெருகின. அவற்றின் ஆங்கிலப் பட்டியலில் 'கொஞ்சி' என்று ஒன்று இருக்கும். அந்த ஆங்கிலச் சொல் எங்கள் கஞ்சிதான். போர்த்துக்கேயர் வாய்வழியாக ஐரோப்பாவுக்குப் போய், ஆங்கிலத்தில் நுழைந்து, சீனருடைய அரிசிக் கஞ்சிக்குப் பெயராகி, ஷெப்பேட் வீதிக்கு வந்து சேர்ந்திருக்கிறது. இன்னொரு பயணி 'முல்லிகட்டோனி'. சென்னையிலிருந்த வெள்ளைக்காரர் எங்கள் மிளகுத்தண்ணீரைக் குடித்துப் பழகி, பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே ஆங்கிலத்தில் அதை எழுதத் தொடங்கிவிட்டார்கள். பிறகு அதற்குள் கோழியும் அப்பிளும் கிறீமும் சேர்ந்து, தகரத்தில் அடைபட்டு, பெயரில் மட்டும் தமிழ் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கூழுக்கு அந்த அதிர்ஷ்டம் வரவில்லை. வராததால்தான் அது கிறீமுக்குத் தப்பியது என்பது என் எண்ணம்.

இனிச் செய்முறை. ஆறு பேருக்குச் சொல்கிறேன்.

ஒடியல் மா 125 கிராம் எடுத்து, நிறையத் தண்ணீரில் ஒரு மணித்தியாலம் ஊறவிடுங்கள். மா அடியில் படிந்ததும் மேல்தண்ணீரை ஊற்றிவிட்டு, புதுத் தண்ணீர் விட்டு இன்னொரு தரம் அப்படியே செய்யுங்கள். காறலும் கைப்பும் போக வேண்டும். அவசரமென்று இதை விடக் கூடாது. பழப்புளி தேசிக்காயளவு எடுத்துக் கரைத்து வையுங்கள். செத்தல் மிளகாய் எட்டு, மிளகு ஒரு தேக்கரண்டி, சின்னத் துண்டு மஞ்சள் மூன்றையும் அரைத்து வையுங்கள். பிள்ளைகளுக்கென்றால் மிளகாயைக் குறைத்து மிளகைக் கூட்டலாம். அதுதான் பழைய முறையும்.

இரண்டரை லீற்றர் தண்ணீர் கொதித்ததும் ஒரு கைபிடி சிவப்பரிசி, தோலுரித்த பலாக்கொட்டை, துண்டாக்கிய மரவள்ளி கால் கிலோ. மரவள்ளி சீனக் கடைகளில் உறைநிலையில் கிடைக்கும். நன்றாக அவிய வேண்டும். நீரிழிவு உள்ள வீடுகளில் மரவள்ளியைப் பாதியாகக் குறைத்துப் பயற்றங்காயைக் கூட்டுங்கள். மரவள்ளியோடு இஞ்சி சேர்ப்பதில்லை என்று ஊரில் கண்டிப்பாகச் சொல்வார்கள். நானும் சேர்ப்பதில்லை. பிறகு பயற்றங்காய், காளான், விரும்பினால் பூசணித் துண்டு. எல்லாம் வெந்தபின் அரைத்த கூட்டு, புளிக்கரைசல், உப்பு. சூப் தகரங்களில் உப்புத்தான் பெரிய வில்லங்கம். இங்கே புளியும் உறைப்பும் இருப்பதால் உப்புக் குறைவது தெரியாது. கடைசியாக ஒடியல் மாவைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, மெல்ல ஊற்றிக் கிண்டுங்கள். நெருப்பைக் குறைத்து இருபது நிமிடமாவது கொதிக்கவிடுங்கள். அடிப்பிடிக்கும், சட்டியை விட்டு அகலாதீர்கள். முருங்கையிலையோ பசளியோ இறக்க இரண்டு நிமிடத்துக்கு முன்னர்.

கிறீம் தருகிற தடிப்பை இங்கே மா தருகிறது. ஆறினால் இன்னும் தடிக்கும். அடுத்த நாள் மாலை வேலையால் வந்து சூடாக்கும்போது ஒரு கோப்பை கொதிதண்ணீர் விட்டுக் கிண்டினால் போதும். தமிழ்க் கடையில் மா வாங்கும்போது பொதியில் ஒடியல் மா என்று இருக்கிறதா, புழுக்கொடியல் மா என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். புழுக்கொடியல் மா அவித்த கிழங்கில் செய்தது. கூழுக்கு ஒடியல் மாதான் வேண்டும்.