கம்பியில்லா ஒலிவாங்கி

கம்பியில்லா ஒலிவாங்கி என்பது பேசுபவரின் அல்லது பாடுபவரின் குரலை வடமின்றி, வானொலி அலைகள் மூலம் ஒலிபெருக்கி அமைப்புக்கு அனுப்பும் கருவி ஆகும். கைப்பிடியிலோ இடுப்பில் செருகும் சிறு பெட்டியிலோ உள்ள அலைபரப்பி அனுப்பும் குறிப்பலையை, மேடையருகே உள்ள பெறுவி ஏற்கிறது. ஷூர் நிறுவனம் 1953 இல் வெளியிட்ட வேகபாண்ட், தொடக்ககாலக் கருவிகளுள் ஒன்று.

அரங்கச் சுவர்களில் பட்டுத் தெறிக்கும் அலைகள் சில இடங்களில் நேரடி அலையை நலியச் செய்வதால் குரல் திடீரென அறுபடும். இதனாலேயே நல்ல பெறுவிகளில் இரண்டு ஆண்டெனாக்கள் இருக்கும். ஒன்றில் குறிப்பலை நலிந்தால் மற்றது கைகொடுக்கும். பல ஒலிவாங்கிகள் சேரும்போது அதிர்வெண்களைச் சம இடைவெளியில் அமைப்பது ஒழுங்காகத் தோன்றினாலும் தவறாகும். 500, 501 மெகாஹெர்ட்ஸ் அலைகள் பரப்பிகளில் கலந்தால் 499, 502 மெகாஹெர்ட்சிலும் தேவையற்ற அலைகள் பிறக்கும். மூன்றாவது ஒலிவாங்கி அங்கே இயங்கினால் இடையூறு நிச்சயம்.

அலைக்கற்றைச் சிக்கல்

இக்கருவிகள் நெடுங்காலம் தொலைக்காட்சி அலைவரிசைகளுக்கு இடையிலுள்ள வெற்றிடங்களிலேயே இயங்கி வந்தன. செல்பேசிச் சேவைகளுக்காக அவ்விடம் சுருங்கியது. ஐக்கிய அமெரிக்காவில் 700 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் 2010 சூன் 12 க்குப் பிறகும், 600 மெகாஹெர்ட்ஸ் பட்டையின் பெரும்பகுதியில் 2020 சூலை 13 க்குப் பிறகும் இவற்றைப் பயன்படுத்தத் தடை விதிக்கப்பட்டது. பழுதே இல்லாத கருவிகள் இவ்வாறு சட்டத்துக்குப் புறம்பாயின. அதிர்வெண்ணை வேறு பட்டைக்கு மாற்ற இயலாதவற்றைக் கைவிடுவதன்றி நாடக அரங்குகளுக்கும் தேவாலயங்களுக்கும் வேறு வழி இருக்கவில்லை.