உணவகச் சமையலறை ஆங்கிலம்

அமெரிக்க, பிரிட்டிஷ் உணவகச் சமையலறைகளில் வேலை நேரத்தில் புழங்கும் குறுஞ்சொற்கள். இவற்றின் அடித்தளம் பிரெஞ்சு. சமையல்காரர்களைப் பிரிவு பிரிவாக நிறுத்தும் ‘பிரிகேட்’ முறையை ஒழுங்குபடுத்தியவர் ஆகுஸ்ட் எஸ்கோஃபியே (1846–1935). தலைமைச் சமையல்காரருக்கு அடுத்தவரான ‘சூ ஷெஃப்’, நறுக்கியும் அளந்தும் எல்லாவற்றையும் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளும் ‘மீஸ் ஆன் பிளாஸ்’ ஆகியவை அப்படியே நிலைத்துவிட்டன.

மற்றவை அடுப்படி அவசரத்துக்கான ஆங்கிலம். ‘ஃபயர்’ என்றால் சமைக்கத் தொடங்கு. ‘எயிட்டி சிக்ஸ்’ என்றால் அந்தப் பண்டம் தீர்ந்தது. இந்த எண் எப்படி வந்தது என்பதற்குக் கதைகள் பல, உறுதியான சான்று இல்லை. புதியவரை அதிகம் குழப்புவது ‘ஆல் டே’. ஒரு மேசைக்கு 2 மீன், இன்னொரு மேசைக்கு 3 மீன் என்றால் ‘ஃபைவ் ஃபிஷ் ஆல் டே’ என்பார்கள். நாள் முழுவதற்குமான கணக்கல்ல அது. அந்த நேரத்தில் சமைத்துத் தர வேண்டிய மொத்தம்.

எல்லாவற்றிலும் முக்கியமானவை ‘பிஹைண்ட்’, ‘ஹாட்’. கொதிக்கும் சட்டியோடு ஒருவரின் முதுகுக்குப் பின்னால் கடப்பவர் இவற்றை உரக்கச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் போனால், திரும்புபவர் மேல் எண்ணெய் கொட்டும். உத்தரவு காதில் விழுந்தவர் ‘ஹெர்ட்’ என்று பதில் குரல் கொடுப்பார்.