ஆத்திக நாத்திக வாதங்களில் ஐயத்தின் இடம்

கடவுள் உண்டென்பாரும் இல்லையென்பாரும் நிகழ்த்திய வாதங்களின் வரலாற்றை ஆராயப் புகுவோர், இரு தரப்பாரும் கண்ட முடிவுகளையே எடுத்துவைத்து, வென்றது எது, தோற்றது எது என்று தீர்ப்பளிப்பதே பெரும்பாலும் வழக்கமாக இருந்து வருகின்றது. அம்முடிவுகளைச் சற்றே ஒதுக்கிவிட்டு, வாதம் புரிந்தோர் தம் அறிவின் எல்லையை எவ்வாறு மதித்தனர், தம்மோடு மாறுபட்டோரை எவ்வாறு நடத்தினர் என்னும் வினாக்களோடு பாரத தேசத்துத் தத்துவ சரித்திரத்தை நோக்கினால், வேறொரு வளர்ச்சி புலனாகின்றது. அடக்கம் என்பது சான்றோர் சிலரின் குண விசேஷமாக மட்டும் நின்றுவிடாமல், வாத சாஸ்திரத்தின் விதியாகவே இங்கு வகுக்கப்பட்டது என்பதையும், அவ்விதி போற்றப்பட்ட இடங்களில் அறிவு வளர்ந்தது என்பதையும், அது நெகிழ்ந்த இடங்களில் இழப்பு நேர்ந்தது என்பதையும் எடுத்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஐயத்தை இழுக்கெனக் கருதாத மனப்பான்மை நம் நாட்டில் மிகத் தொன்மையானது. ருக்வேதத்தின் 10-ஆம் மண்டலத்து 129-ஆம் சூக்தம், சிருஷ்டியின் மூலத்தைப் பற்றி வினவிக்கொண்டே சென்று, அனைத்தையும் மேலிருந்து காண்பவனும் அதனை அறிவானோ அறியானோ என்ற கேள்வியோடே முடிவுறுகின்றது. பௌத்தர்களின் தீக நிகாயத்தில் இரண்டாவதாக வைக்கப்பெற்ற சாமஞ்ஞபல சுத்தத்தில், மறுமை இல்லை என்று துணிந்துரைக்கும் அஜித கேசகம்பலரும், உண்டென்றோ இல்லையென்றோ சொல்ல மறுக்கும் சஞ்சய பேலட்டிபுத்தரும் அருகருகே காட்டப்படுகின்றனர். சஞ்சயரின் நிலையைப் பௌத்தர் பிடிக்குள் அகப்படாத விலாங்கின் நெளிவாகவே கண்டனர். அக்கண்டனம் முற்றிலும் நியாயமற்றதன்று. ஏனெனில், எதையும் சொல்ல மறுத்து ஒதுங்கி நிற்கும் ஐயம் தவற்றினின்று தப்பலாமேயன்றி உண்மையை அணுக மாட்டாது. ஒவ்வொரு கூற்றும் ஒரு நோக்கில் மெய்யாகும் என்று வரையறுத்து, அந்நோக்குகளை ஏழு பங்கிகளாக வகுத்த சமணரின் ஸியாத்வாதமே ஐயத்துக்கு ஓர் ஒழுங்கை நல்கிய பெருமுயற்சி எனலாம்.

அவ்வொழுங்கை வாத முறையாக நிலைநாட்டியோர் நையாயிகர். கௌதமர் தம் நியாய சூத்திரத்தில் எண்ணிய பதினாறு பதார்த்தங்களுள் சம்சயம் எனப்படும் ஐயம் மூன்றாவதாக இடம்பெறுகின்றது. அச்சூத்திரத்துக்குப் பாஷ்யம் இயற்றிய வாத்ஸ்யாயனர், முற்றிலும் அறியப்படாத பொருளிலும் முன்னரே நிர்ணயிக்கப்பட்ட பொருளிலும் தர்க்கத்துக்கு வேலையில்லை என்றும், சம்சயத்துக்கு இடமான பொருளிலேயே அது செயற்படுகின்றது என்றும் விளக்கினார். ஆதலின், வாதிக்க முன்வருபவன் தான் எடுத்துக்கொண்ட பொருள் ஐயத்துக்கு உரியது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டவனாகின்றான். உண்மையை நாடும் வாதம், வெற்றியை மட்டுமே நாடும் ஜல்பம், தனக்கென ஒரு பக்ஷமின்றிப் பிறரை மறுப்பதிலேயே முனையும் விதண்டை என்று கௌதமர் வகுத்த மூன்றும் இவ்வுண்மையின் மேல் எழுந்தவையே. வைத்திய சாஸ்திரமாகிய சரக சம்ஹிதையும், விமானஸ்தானத்தின் 8-ஆம் அத்தியாயத்தில், நட்போடு கூடிய சம்பாஷணையையும் பகையோடு கூடிய சம்பாஷணையையும் வேறு பிரித்து ஓதுகின்றது.

இவ்விதிகளின் வலிமை, ஈசுவரனைப் பற்றிய நெடிய விவாதத்தில் சோதிக்கப்பட்டது. ஏழாம் நூற்றாண்டில் தர்மகீர்த்தியும் அவர் வழிவந்த பௌத்தரும் உலகைப் படைத்த ஈசுவரன் என்னும் கொள்கையைக் கடுமையாக மறுத்தனர். வேதத்தைப் பிரமாணமாகக் கொண்ட மீமாம்சகரான குமாரில பட்டரும் சிருஷ்டி கர்த்தாவை ஏற்றாரில்லை. இவ்வெதிர்ப்புகளுக்கு விடையாகப் பத்தாம், பதினோராம் நூற்றாண்டுகளை ஒட்டி எழுந்ததே உதயணாசாரியரின் நியாய குசுமாஞ்சலி. தர்க்கத்தில் அணுவளவும் விட்டுக்கொடாத அவ்வாசிரியர், ஈசுவரனைப் பற்றிய தம் ஆராய்ச்சியை மனனம் என்னும் உபாசனையாகவே நூலின் தொடக்கத்தில் கூறுகின்றார். நூலை முடிக்குமிடத்தோ, இத்தனை நியாயங்களுக்குப் பின்னரும் நெஞ்சிளகாதோரை இரும்பனையர் என்று முதலில் கடிந்து, எனினும் மறுக்கும் பொருட்டேனும் ஈசனையே இடையறாது சிந்தித்தவர் அவர்களாதலின், காலத்தில் அவர்களையும் கரையேற்றல் வேண்டும் என்று கருணையாளனிடம் பிரார்த்திக்கின்றார். தம் நூல் எல்லோரையும் வென்றுவிடும் என்று அவர் எண்ணவில்லை. தர்க்கம் சென்று நிற்கும் எல்லையை உணர்ந்து, அதற்கு அப்பாலுள்ளதைத் தம் வசத்தினின்று விடுவித்தார். மறுப்பவனின் சிந்தனையிலும் ஓர் உபாசனையைக் கண்ட அவ்வுள்ளம், ஆத்திக அடக்கத்தின் சிகரங்களுள் ஒன்று என்பது எம் துணிபு.

தமிழ் நூல்களில் இம்மரபின் இரு முகங்களும் காணக் கிடைக்கின்றன. வஞ்சி மாநகரில் சமயக் கணக்கர் பலரின் கொள்கைகளைக் கேட்ட மணிமேகலை, அவை தனக்கு உவப்பாகாத இடத்தும் மாறு கூறாமல் இருக்கவே கருதுகின்றாள். காட்சி ஒன்றே பிரமாணம் எனும் பூதவாதியிடம் மட்டும், உன் தாய் தந்தையரை அனுமானத்தாலன்றி வேறெவ்வாறு அறிந்தாய் என்று வினவி, மெய்யுணர்வின்றி மெய்ப்பொருளை அறிதல் அரிதாதலால் இதனை ஐயமாகவன்றித் துணிபாகக் கூறலாகாது என்னும் கருத்துப்பட உரைக்கின்றாள். எதிரியிடம் அவள் வேண்டுவது சரணாகதியை அன்று. அவன் சொல்லுக்குத் தக்க அளவை மட்டுமே. பிற்பட்ட சமண காவியமாகிய நீலகேசியிலோ, தலைவி தன் அச்சந்தரும் உருவைக் காட்டிப் பூதவாதியை நடுங்க வைக்கின்றாள். அச்சத்தால் பெறப்பட்ட இணக்கம் வாதத்தின் பயனாகாது. அது வெற்றி வேட்கை நியாயத்தை விழுங்கியதன் அடையாளமே. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தைக் காட்சியையே பிரமாணமாகக் கொள்ளும் உலோகாயதத்திலிருந்து தொடங்கி, ஒவ்வொரு மதத்தையும் முதலில் அதன் வாயிலாகவே பேசவிட்டுப் பின்னரே மறுப்புக் கூறுவது, பூர்வபக்ஷ முறை தமிழில் பெற்ற முழுமைக்குச் சான்றாகும்.

ஆயினும் இம்முறையின் குறைபாட்டை மறைத்தல் ஆராய்ச்சியாளனுக்கு அழகன்று. உலோகாயதரின் மூல நூல்கள் மறைந்தொழிந்தமையால், இன்று நாம் அவர்களைப் பெரும்பாலும் எதிரிகளின் எழுத்திலிருந்தே அறிகின்றோம். எதிரி எத்துணை நேர்மையாளனாயினும் அவன் வாயால் பேசப்படும் கொள்கை முழுமையானதாகாது. இவ்வகை இழப்புக்கு மாறாக, எல்லாப் பிரமாணங்களையும் ஐயுற்ற ஜயராசி பட்டரின் தத்துவோபப்லவ சிம்ஹம், குஜராத்தின் பாட்டன் நகரத்துச் சமண பண்டாரத்தில் தங்கிய ஏட்டின் வாயிலாக 1940-இல் பரோடாவில் அச்சேறியது. தம் சமயத்தையும் மறுத்த நூலைச் சமணர் அழியவிடாது காத்தனர் என்பது ஸியாத்வாதத்தைப் போதித்தோருக்கே உரிய பெருமை.

இதுகாறும் கூறியவற்றால் ஒரு முடிவு பெறப்படுகின்றது. தன் கொள்கையில் உறுதியும் தன் அறிவில் அடக்கமும் ஒன்றுக்கொன்று பகையல்ல. உதயணர் இரண்டையும் ஒருங்கே தாங்கினார். எதிரியின் வாதத்தை அவனே ஒப்பும்படி எடுத்துரைத்த பின்னரே மறுக்கவேண்டும் என்பதும், அவனுடைய நூல் அவனுடைய சொற்களிலேயே நிலைபெற இடமளிக்கவேண்டும் என்பதும், உண்டென்பாருக்கும் இல்லையென்பாருக்கும் ஒப்ப விதிக்கத்தக்க இரு கடமைகளாகும். முதற்கடமையை நம் முன்னோர் செவ்வனே ஆற்றினர். இரண்டாவது கடமையில் அவர்கள் விட்ட குறையை நிறைவு செய்வது நம் தலைமுறையின் பொறுப்பாகும்.