ஒலி விளையாட்டுகளின் விலை வரலாறும் பார்வையற்ற நுகர்வோர் உரிமையும்

முன்னுரை

காட்சியின் துணையின்றி, ஒலியை மட்டுமே கொண்டு ஆடப்படும் கணினி விளையாட்டு ஒலி விளையாட்டு எனப்படும். ஒலி வரும் திசையும் தொலைவுமே இதில் ஆடுபவருக்கு வழிகாட்டுகின்றன. இதனை வாங்குவோர் தொகை சிறிது. ஆக்கும் உழைப்போ பெரிது. இம்முரண் பார்வையற்ற நுகர்வோரின் நிலையை எவ்வாறு தீர்மானித்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

கொடையும் விற்பனையும்

1997-இல் ஜப்பானியரான கெஞ்சி ஈனோ 'ரியல் சவுண்ட்' என்னும் ஒலி விளையாட்டைச் சேகா சாட்டர்ன் கருவிக்காக உருவாக்கினார். அதனையொட்டிச் சேகா நிறுவனம் 1000 கருவிகளையும், ஈனோ 1000 விளையாட்டுப் படிகளையும் பார்வையற்றோருக்கு வழங்கினர். இங்குப் பார்வையற்றவர் கொடை பெறுபவராக இருந்தார். 2001-இல் ஜிஎம்ஏ கேம்ஸ் வெளியிட்ட 'ஷேட்ஸ் ஆஃப் டூம்' போன்றவற்றின் வழி அவர் விலை கொடுத்து வாங்குபவரானார். இத்தகைய விளையாட்டுகளைப் பெரும்பாலும் ஓரிருவரே உருவாக்கி, இணையத்தில் டாலர் விலைக்கு விற்றனர். பழுப்பு நிலக்கரி நகரியமான நெய்வேலியில் வாழ்பவருக்கும் நியூயார்க்கில் வாழ்பவருக்கும் அவ்விலை ஒன்றே, வருவாய் ஒன்றன்று.

விலைக்குப் பிந்தைய உறவு

பல விளையாட்டுகளின் உரிமக் குறியீடு ஒரே கணினியுடன் பிணைக்கப்பட்டது. கணினி மாறினால் விற்றவரையே மீண்டும் நாட வேண்டும். அவர் தொழிலைக் கைவிட்டால் வாங்கிய பொருளும் பயனற்றுப்போகும். 2015-இல் வந்த 'எ பிளைண்ட் லெஜண்ட்' கைப்பேசியில் இலவசமாகக் கிடைத்தது. எனினும் ஆட்டத்தின் 'உயிர்கள்' தீர்ந்தபின் காத்திருக்கவோ பணம் செலுத்தவோ வேண்டியிருந்தது.

சட்டத்தின் எல்லை

2012-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைத் திருத்தச் சட்டம், மாற்றுத் திறனாளிகளுக்கான அணுகத்தக்க படிகளை இலாப நோக்கின்றி, ஆக்கச் செலவை மட்டும் பெற்று வழங்க இசைந்தது. 2013-இன் மராகேஷ் உடன்படிக்கையை 2014-இல் முதலில் ஏற்புறுதி செய்த நாடும் இந்தியாவே. ஆயின் அவ்வுடன்படிக்கை எழுத்து வடிவப் படைப்புகளையே முதன்மையாகக் கருதுகிறது. தொடக்கத்திலேயே ஒலியாகப் பிறந்து வணிகப் பொருளாக விற்கப்படும் விளையாட்டின் விலையையோ, விற்பனைக்குப் பிந்தைய பொறுப்பையோ இவை நெறிப்படுத்தவில்லை.

முடிவுரை

2006-இல் ஆஸ்திரேலியாவில் பார்வையற்றவரான மைக்கேல் கரன் தொடங்கிய என்விடிஏ திரைவாசிப்பான் இலவசமாகவும் திறந்த மூலமாகவும் வழங்கப்பட்டது. மூல நிரல் பொதுவில் இருப்பதால், ஆக்கியவர் விலகினும் பிறர் அதனைத் தொடரலாம். எனவே குறைந்த விலை மட்டும் நுகர்வோர் உரிமையாகாது. விற்பவர் மறைந்தபின்னும் வாங்கியவரிடம் பொருள் நிலைத்திருப்பதே அவ்வுரிமையின் அடிப்படை எனலாம்.