கேட்ட செவியும் எழுதிய கையும்: ‘ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்’ பெயர்களில் ழகர ளகரங்கள்

மட்டாஞ்சேரித் தெருக்களில் மலையாளம், கொங்கணி, தமிழ், குஜராத்தி ஆகிய மொழிகளை இன்றும் ஒருசேரக் கேட்கலாம். இப்பன்மொழிச் சூழல் பழமையானது. 1663இல் டச்சுக்காரர் கொச்சியைக் கைப்பற்றிய பின்னர், மலபார்த் தளபதி ஹென்ட்ரிக் வான் ரீட் தொகுப்பித்த ‘ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்’ (ஆம்ஸ்டர்டாம், 1678–1693, 12 தொகுதிகள்) அதற்குத் தக்க சான்றாகும். அந்நூலின் செடிப்பெயர்களைக் கொண்டு, ஐரோப்பியர் செவி நம் ஒலிகளைப் பிடிக்கவில்லை எனக் கூறிவிடுவது எளிது. அக்கூற்று ஆராயத்தக்கது.

முதல் தொகுதியில் வாழை, ‘பாலா’ என உரோமன் எழுத்தில் உள்ளது. வாளன்புளி, ‘பாலம்-புல்லி’ எனப்படுகிறது. முன்னதில் ழகரம், பின்னதில் இருமுறை ளகரம், மூன்றிடத்தும் வருவது ‘எல்’ என்னும் ஒரே எழுத்து. ‘தெங்கா’ (தேங்காய்) என்பதன் பல்லொலியும், ‘கட்டோ’ (காட்டு) என்பதன் நாமடி ஒலியும் ஒரே ‘டி’ எழுத்தால் குறிக்கப்பட்டுள்ளன.

இவ்வேறுபாடுகள் செவியில் தொலைந்தனவா? அங்கவடி எலும்பின் அசைவு, நத்தைச்சுருளாகிய காக்ளியாவின் நீர்மத்தை அசைக்க, அதனுள் ஏறத்தாழ 35 மில்லிமீட்டர் நீளமுள்ள அடிச்சவ்வில் அலை ஓடுகிறது. அச்சவ்வு தொடக்கத்தில் ஒடுங்கி விறைப்பாகவும், நுனியில் அகன்று தளர்வாகவும் அமைந்தது. ஆகவே உயர்ந்த அதிர்வெண்கள் தொடக்கத்திலும் தாழ்ந்தவை நுனியருகிலும் உச்சம் கொள்கின்றன. (இதனைப் பிணங்களின் காதில் கண்டறிந்த பேக்கேஷி 1961இல் நோபல் பரிசு பெற்றார், உயிருள்ள காதில் புற மயிர்ச்செல்கள் அவ்வலையைப் பெருக்கிக் கூர்மையாக்குவது பின்னர்த் தெளிந்த செய்தி.) நாமடி ஒலிகளில் மூன்றாம் ஃபார்மண்ட் பொதுவாகத் தாழும், தாழவே, சவ்வில் அதன் உச்சம் நுனிநோக்கி நகரும். அந்நகர்வு மலையாளி காதிலும் டச்சுக்காரர் காதிலும் ஒன்றே. அகச்செவிக்குத் தாய்மொழி இல்லை.

வேறுபாடு மங்குவது அதற்கு மேலே, மூளையில். வெர்க்கர், டீஸ் இருவரும் 1984இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலச் சூழலில் வளர்ந்த ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள் இந்தியின் பல்லொலியையும் நாமடி ஒலியையும் பிரித்தறிந்தன. பத்து முதல் பன்னிரண்டு மாதக் குழந்தைகளிடம் அத்திறன் பெரிதும் குறைந்திருந்தது.

எனில், ‘பாலா’ பழகாத மூளையின் சான்று எனலாமா? அதுவும் எளிதன்று. ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதன் கூறியவற்றை மலையாளத்திலிருந்து போர்ச்சுகீசியத்திற்குப் பெயர்த்தவர் கொச்சியின் மொழிபெயர்ப்பாளர் இம்மானுவேல் கார்நெய்ரோ. இருவரும் 1675இல் அளித்த சான்றுரைகள் நூலிலேயே உள்ளன. மலையாளத்தில் புழங்கிய அவருக்கு வாழையும் வாளும் ஒன்றாய் ஒலித்திருக்கும் எனக் கொள்வது அரிது. அவர் மொழிபெயர்த்தது இலத்தீன் நூலாக அச்சேறும்வரை பல கைகள் மாறியது. அவ்வழியில் எங்கும் ழகரத்திற்கு எழுத்தில்லை. ‘வாழை’யின் வகரம் ‘பி’ ஆக, வெளுத்த என்பதைக் குறிக்கும் ‘வெலுத்தா’ மட்டும் ‘வி’யில் தொடங்குவதும் என் நோக்கில் கையின் குழப்பமே, செவியின் குறை அன்று.

நல்வாய்ப்பாக, படங்களில் பெயர்கள் மலையாள எழுத்திலும் பொறிக்கப்பட்டுள்ளன. அவ்வெழுத்தில் ழகரமும் ளகரமும் தனித்தனி வடிவுடையன. ஒலிச்சான்று தேடுவோர் முதலில் அவ்வரியைப் படித்து, அதன் பின்னரே உரோமன் வரிக்கு வருதல் வேண்டும். மொழிபெயர்ப்பாளர்க்கும் இதுவே பொருந்தும்: ‘பாலா’வை அவ்வாறே பெயர்த்தெழுதினால் தமிழ் வாசகர் முன் வாழை நில்லாது, பாலை மரம்தான் நிற்கும்.