முதிய நாய்களின் மூட்டுத் தேய்வு

மூட்டுத் தேய்வு என்பது, எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் கசியிழையம் (குருத்தெலும்பு) படிப்படியாகச் சிதைந்து, மூட்டு வலித்து இறுகிப்போகும் நாட்பட்ட நோய். வளர்ந்த நாய்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுக்கு இந்நோய் உண்டு என்பது மிருக மருத்துவ நூல்களில் பரவலாக எடுத்தாளப்படும் மதிப்பீடு. வயது ஏற ஏற இவ்விகிதமும் ஏறும். சிதைந்த கசியிழையத்தைப் பழையபடி ஆக்கும் மருந்து இதுவரை இல்லை. ஆயினும் முதிய நாய் நடையை இழப்பதற்கு மூட்டின் சிதைவு மட்டும் காரணமன்று. வலி, உடற்பருமன், தசை மெலிவு, வழுக்கும் தரை ஆகிய நான்கும் சேர்ந்தே அதை முடக்குகின்றன. இந்நான்கையும் குறைக்க முடியும் என்பதே சிகிச்சையின் அடிப்படை.

காரணங்களும் நோய்ப்போக்கும்

மனிதரில் மூட்டுத் தேய்வு பெரும்பாலும் முதுமையோடு வருவது. நாய்களிலோ அது பெரும்பாலும் வேறொரு மூட்டுக் குறைபாட்டின் தொடர்ச்சி. லாப்ரடோர், அல்சேஷன், ரொட்வைலர் போன்ற பெரிய இனங்களில் இடுப்பு மூட்டும் முன்னங்கால் முழங்கை மூட்டும் வளரும் பருவத்திலேயே சரியாகப் பொருந்தாமற் போவதுண்டு. பொமரேனியன் போன்ற சிறு இனங்களில் முழங்காற் சில்லு இடம் விலகும். முழங்காலின் முன்புறச் சிலுவை இணைநார் அறுவதும், வாகனம் மோதி முறிந்த எலும்பு பிசகிப் பொருந்துவதும் பிற காரணங்கள். கொழும்பின் தெருநாய்களிலும், தெருவிலிருந்து எடுத்து வளர்க்கப்படும் நாய்களிலும் இந்தக் கடைசிக் காரணம் முக்கியமானது.

மூட்டில் பாரம் ஒழுங்காகப் பரவாதபோது கசியிழையம் நைகிறது. அதிலிருந்து கழன்ற துணுக்குகளும் வேதிப்பொருள்களும் மூட்டின் உட்சவ்வில் அழற்சியை உண்டாக்குகின்றன. அழற்சி மூட்டுநீரை நீர்க்கச் செய்ய, கசியிழையம் மேலும் சிதைகிறது. மூட்டின் ஓரங்களில் எலும்பு முளைகள் எழுகின்றன. மூட்டைச் சூழ்ந்த உறை தடிக்கிறது. வலிக்கும் காலை நாய் ஊன்றாததால் அந்தக் காலின் தசை மெலிகிறது. தசையின் தாங்கல் குறைய, மூட்டின்மீது விழும் சுமை கூடுகிறது. வலியும் அசைவின்மையும் ஒன்றையொன்று வளர்ப்பதால், சிகிச்சை இரண்டையும் ஒருங்கே எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது.

அறிகுறிகள்

வெளிப்படையான நொண்டல் பிந்தியே வரலாம். அதற்கு முன்பே சிறு மாற்றங்கள் தெரியும்: படுத்தெழும்போது விறைப்பு, படியேறத் தயக்கம், கதிரையில் தாவாமை, சிறுநீர் கழிக்கும்போது தடுமாற்றம், ஒரே மூட்டை ஓயாமல் நக்குதல், இடுப்பைத் தொட்டால் சீறுதல். நாய் தன் எடையில் ஏறத்தாழ 60 சதவீதத்தை முன்னங்கால்களில் தாங்குகிறது. பின்மூட்டுகள் வலிக்கும்போது பாரத்தை மேலும் முன்னே சாய்ப்பதால் தோள் தடித்தும் தொடை மெலிந்தும் காணப்படும். நாய் வலியால் அழுவது அரிது. இதனால் இம்மாற்றங்களை வெறும் வயதின் அடையாளம் என்று கருதி விட்டுவிடுவோர் பலர்.

நோயறிதல்

மிருக வைத்தியர் முதலில் நாயை நடக்கவிட்டுப் பார்ப்பார். பின்னர் ஒவ்வொரு மூட்டையும் மடக்கி நீட்டி அசைவெல்லையையும் வலியையும் அறிவார். வைத்தியசாலைப் பதற்றத்தில் நாய் நொண்டலை மறைக்கக்கூடும் என்பதால், வீட்டில் நடப்பதையும் படியேறுவதையும் கைபேசியில் எடுத்த காணொளி பயன்படும். எக்ஸ்ரே படம் எலும்பு முளைகளைக் காட்டும். ஆனால் படத்தில் தெரியும் சிதைவின் அளவும் நாய் உணரும் வலியின் அளவும் எப்போதும் ஒத்துப்போவதில்லை.

இலங்கையில் உண்ணிகளால் பரவும் நோய்கள் நாய்களில் பரவலாக உள்ளன. அவற்றுள் ஏர்லிக்கியா தொற்று, பல மூட்டுகளில் ஒரே வேளையில் அழற்சியை உண்டாக்கி மூட்டுத் தேய்வுபோலத் தோன்றக்கூடும். காய்ச்சல், சோர்வு, உணவில் நாட்டமின்மை, திடீரென்று இடம் மாறும் நொண்டல் ஆகியன காணப்பட்டால் குருதிப் பரிசோதனை அவசியம். முள்ளந்தண்டுத் தட்டு நோயும் எலும்புப் புற்றும்கூட விலக்கிப் பார்க்கப்பட வேண்டியவை.

மருந்துகள்

வலியையும் அழற்சியையும் தணிக்க முதலில் தரப்படுபவை ஸ்டீரோய்டு அல்லாத அழற்சி எதிர்ப்பு மருந்துகள்: மெலொக்சிகம், கார்புரோஃபென், ஃபிரோகொக்சிப் முதலியன. இவை இரைப்பை, ஈரல், சிறுநீரகம் ஆகியவற்றைப் பாதிக்கக்கூடியவை. ஆகவே தொடங்குமுன் குருதிப் பரிசோதனை செய்து, நீண்டகாலம் கொடுக்கும்போது குறித்த இடைவெளியில் அதைத் திரும்பச் செய்வது வழக்கம். வாந்தி, கறுத்த மலம், உணவு மறுத்தல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் மருந்தை நிறுத்தி வைத்தியரை நாட வேண்டும். பிரெட்னிசொலோன் போன்ற ஸ்டீரோய்டுகளுடன் இவற்றைச் சேர்த்துக் கொடுத்தால் இரைப்பைப் புண் ஏற்படும் ஆபத்து மிகும்.

வீட்டிலுள்ள மனித மருந்துகளைக் கொடுப்பது கடும் நஞ்சாதலுக்கு இடமளிக்கும். மெலொக்சிகம் நாய்க்கு முதல் நாள் கிலோவுக்கு 0.2 மில்லிகிராமும் பின்னர் நாளொன்றுக்கு 0.1 மில்லிகிராமும் தரப்படுவது. 10 கிலோ நாயின் நாளாந்த அளவு 1 மில்லிகிராம் மட்டுமே. மனிதருக்கான 15 மில்லிகிராம் குளிசை ஒன்று அதன் பதினைந்து மடங்கு. இபுபுரோஃபென், டைக்லோஃபெனாக் ஆகியவை நாயின் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் சிதைப்பவை. பரசிற்றமோல் அளவு மிஞ்சினால் ஈரலைச் சேதப்படுத்துவதோடு, குருதி ஒட்சிசனைக் காவும் திறனையும் குறைக்கும்.

வலி அடங்காத நாய்களுக்கு கபபென்டின், அமன்டடீன் ஆகியவை கூட்டு மருந்தாகச் சேர்க்கப்படுகின்றன. நரம்பு வளர்ச்சிக் காரணியைத் தடுக்கும் பிறபொருளெதிரியான பெடின்வெட்மாப், மாதம் ஒருமுறை தோலின்கீழ் ஏற்றப்படும் ஊசி. ஐரோப்பிய ஒன்றியம் 2020 இலும் அமெரிக்கா 2023 இலும் இதை அனுமதித்தன. தள்ளாட்டம், வலிப்பு முதலிய பாதக விளைவுகள் பதிவாகியிருப்பதை 2024 டிசம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் மிருக வைத்தியர்களுக்கு அறிவித்தது. துணையுணவுகளில் மீனெண்ணெயிலுள்ள ஒமேகா 3 கொழுப்பமிலங்களுக்கு நல்ல சான்று உண்டு. பரவலாக விற்கப்படும் குளுக்கோசமின், கொண்ட்ரொய்ட்டின் ஆகியவற்றுக்குச் சான்று பலவீனமானது.

உடல் எடை

மருந்துக்கு நிகரான பயனை எடைக்குறைப்புத் தருகிறது. பருத்த நாய்களை வைத்து நடத்தப்பட்டு 2010 இல் வெளியான ஆய்வொன்றில், உடல் எடையில் 6 சதவீதம் அளவு குறைந்தபோதே நொண்டல் தெளிவாகத் தணிந்தது. 36 கிலோ லாப்ரடோருக்கு அது 2 கிலோவுக்குச் சற்று மேல். 48 லாப்ரடோர் நாய்களை வாழ்நாள் முழுதும் தொடர்ந்து 2002 இல் வெளியிடப்பட்ட மற்றோர் ஆய்வில், தம் இணை நாய்களைவிடக் கால்பங்கு குறைவாக உண்டவற்றின் இடைநிலை ஆயுள் 13 ஆண்டுகள்; மற்றவற்றினது 11.2 ஆண்டுகள். குறைவாக உண்டவற்றில் மூட்டுத் தேய்வும் பிந்தியே தோன்றியது.

வாரத்துக்கு 1 முதல் 2 சதவீத எடைக்குறைப்புப் பாதுகாப்பானது. தட்டில் மிஞ்சிய சோறும் தேங்காய்ப்பால் கறியும், தேத்தண்ணி வேளையில் நீட்டப்படும் பிஸ்கட்டும் பாணும் கணக்கில் சேராமல் எடையை ஏற்றுபவை. உணவை அளந்து கொடுப்பதும், வீட்டில் ஒருவரே கொடுப்பதும் நடைமுறையில் பலன் தருகின்றன.

உடற்பயிற்சி

வலி தணிந்தபின் தசையை மீட்க வேண்டும். வார இறுதியில் மட்டும் நெடுந்தூரம் ஓடவிடுவதைவிட, தினமும் இரண்டு மூன்று முறை 10 முதல் 15 நிமிடம் கயிற்றில் மெதுவாக நடத்துவது மேல். இருந்து எழும் பயிற்சி தொடைத் தசையை வலுப்படுத்தும். மூட்டுகளை மெல்ல மடக்கி நீட்டுவதும், நடைக்கு முன் இளஞ்சூட்டு ஒத்தடம் கொடுப்பதும் விறைப்பைக் குறைக்கும். நீர் உடலின் பாரத்தைத் தாங்குவதால், நீருக்குள் நடத்தும் இயந்திரமும் நீச்சலும் மறுவாழ்வு நிலையங்களில் பயன்படுத்தப்படுகின்றன.

கொழும்பில் பராமரிப்பு

கொழும்பில் ஆண்டு முழுவதும் பகல் வெப்பம் பெரும்பாலும் 30 பாகை செல்சியஸ் அளவில் இருப்பதால் விடியற்காலையும் பொழுது சாய்ந்தபின்னுமே நடைக்கு ஏற்றவை. வெள்ளவத்தையில் மரைன் டிரைவின் சமதளம் இதற்குப் பொருந்தும். அங்கிருந்து கடற்கரைக்கு இறங்கப் புகையிரதப் பாதையையும் கற்களையும் கடக்க வேண்டும். புதையும் மணலும் அலையும் நோயுற்ற மூட்டுகளுக்கு உகந்தவையல்ல. தென்மேல் பருவ மழையில் நடை தடைப்படும் நாள்களில் வீட்டுக்குள்ளே சிறு பயிற்சிகளைத் தொடர்வது விறைப்பைத் தவிர்க்கும்.

தொடர்மாடி வீடுகளின் பளபளக்கும் தரையோடுகளில் நாயின் கால்கள் விரிந்து சறுக்கும். அது படுக்கும் இடத்திலிருந்து உணவுக் கிண்ணம், வாசல் வரை இறப்பர் விரிப்புப் போடுவதும், நகங்களையும் பாதத்து மயிரையும் கத்தரிப்பதும் எளிய தீர்வுகள். படிகளுக்குப் பதிலாக லிப்ட்டைப் பயன்படுத்தலாம். கொட்டாஞ்சேனையின் பழைய வீடுகளைப்போல உயர்ந்த வாசற்படியும் செங்குத்தான மாடிப்படியும் உள்ள இடங்களில் சாய்பலகையும், மாடிக்கு ஏறாமல் தடுக்கும் சிறு கதவும் உதவும். தடித்த மெத்தைப் படுக்கை முழங்கைப் புண்களைத் தடுக்கும்.

இலங்கையில் மிருக வைத்தியம் 1956 ஆம் ஆண்டின் மிருக வைத்தியர்கள் தொடர்பான சட்டத்தின்கீழ் பதிவுபெற்றோரால் நடத்தப்படுகிறது. கொழும்பில் தனியார் மிருக வைத்தியசாலைகள் பல உண்டு. சிக்கலான நோயாளிகளுக்கு, சுமார் 110 கிலோமீற்றர் தொலைவில் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் போதனா மிருக வைத்தியசாலையும் உண்டு.

அறுவைச் சிகிச்சை

மருந்துக்கு அடங்காத அல்லது திருத்தக்கூடிய குறைபாடுள்ள மூட்டுகளுக்கு அறுவை ஆராயப்படும். சிலுவை இணைநார் அறுந்த முழங்காலில், கீழெலும்பின் மேற்பகுதியை வெட்டித் திருப்பித் தகடு பொருத்தும் முறையை அமெரிக்க மிருக வைத்தியர் பார்க்லே ஸ்லோக்கம் 1993 இல் விபரித்தார். இடுப்பில் செயற்கை மூட்டு பொருத்தலாம். சிறிய நாய்களில் தொடையெலும்பின் தலையை மட்டும் அகற்றுவதும் நல்ல பலன் தரும். வயது மட்டும் அறுவைக்குத் தடையன்று. இதயமும் சிறுநீரகமும் மயக்க மருந்தைத் தாங்குமா என்பதே தீர்மானிக்கும்.

முன்கணிப்பு

சிகிச்சை தொடங்கி இரண்டு முதல் நான்கு வாரங்களில் நாய் எழும் விதம், நடக்கும் தூரம், விளையாட்டில் நாட்டம் ஆகியவற்றை ஒப்பிட்டு மருந்து திருத்தப்படுகிறது. நோய் கூடியும் குறைந்தும் தொடர்வதால் மதிப்பீடு வாழ்நாள் முழுவதும் வேண்டும். எடை, மருந்து, பயிற்சி மூன்றும் ஒழுங்காகத் தொடரும் நாய்களில் பல, தாமாக எழுந்து நடமாடும் நிலையில் ஆண்டுக்கணக்கில் வாழ்கின்றன. எல்லாச் சிகிச்சைக்குப் பின்னும் வலி அடங்காமல், எழவோ மலசலம் கழிக்கவோ இயலாமல், படுக்கைப் புண்ணும் கண்டால், கருணைக்கொலை பற்றி உரிமையாளரும் மிருக வைத்தியரும் கலந்து முடிவெடுக்கின்றனர்.