குளவிகள் கூடு மாறிய கதை

2014 டிசெம்பர் 21ஆம் திகதி இங்கிலாந்தின் கொவென்ட்ரி நகரத்தில் ஒரு றக்பி ஆட்டம் நடந்தது. வாஸ்ப்ஸ் கழகம், அதாவது குளவிகள், லண்டன் ஐரிஷ் அணியை 48-16 என்று அடித்து அனுப்பியது. பார்க்க வந்த சனம் 28,254 பேர். அதுவரைக்கும் பத்தாயிரம் பேர் மட்டில் இருக்கக்கூடிய ஒரு இரவல் மைதானத்தில், அதையும் நிரப்பக் கஷ்டப்பட்டு விளையாடிய கழகம் இது. எட்டு வருடம் கழித்து, 2022 ஒக்டோபர் 17ஆம் திகதி, அதே கழகத்தில் 167 பேரை ஒரே நாளில் வேலையால் நிப்பாட்டினார்கள். ஆட்டக்காரர், பயிற்சியாளர், அலுவலகத்தில் இருந்தவர் எல்லாரும் அதற்குள் அடக்கம்.

ஊர் மாறினதால்தான் வாஸ்ப்ஸ் அழிந்தது என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆனால் அவர்கள் அதற்கு முன்னமே இரண்டு தரம் இடம் மாறியவர்கள், மாறிய இடத்தில் கிண்ணமும் தூக்கியவர்கள். அதனால் இந்த மூன்றாவது இடமாற்றத்தில் மட்டும் என்ன வித்தியாசம் என்பதைத்தான் நாங்கள் தேடிப் பார்த்தோம்.

வாஸ்ப்ஸ் 1867இல் வட லண்டனில் தொடங்கியது. 1871இல் இங்கிலாந்து றக்பி சங்கத்தை உருவாக்கக் கூடிய கூட்டத்துக்கு இவர்களுக்கும் அழைப்பு வந்ததாம், போனவர் பிழையான இடத்துக்குப் போய்விட்டாராம். அங்கேயே இருந்து குடித்துக்கொண்டிருந்தார் என்று இன்னொரு வடிவமும் உண்டு. எது எப்படியோ, ஸ்தாபக உறுப்பினர் பட்டியலில் இவர்களுடைய பெயர் இல்லை. 1923 தொடக்கம் வடமேற்கு லண்டனில் சட்பரி என்ற இடத்தில் நிரந்தர மைதானம் இருந்தது. விளையாடியவர்களுக்குச் சம்பளம் கிடையாது. பகலில் வேறு தொழில், சனிக்கிழமை றக்பி. காசு வாங்கி விளையாடினால் தடை என்பது அந்தக் காலத்துச் சட்டம்.

1995 ஓகஸ்டில் அந்தச் சட்டம் போனது. றக்பி தொழில்முறை விளையாட்டானது. ஆட்டக்காரருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும், சம்பளத்துக்கு சனம் வேண்டும், சனத்துக்கு இருக்கை வேண்டும். சட்பரி காணாது. 1996இல் குயின்ஸ் பார்க் றேஞ்சர்ஸ் என்ற உதைபந்தாட்டக் கழகத்தின் லோஃப்டஸ் ரோட் மைதானத்துக்குப் போனார்கள், சட்பரியில் பிறகு வீடுகள் எழும்பின. அதோடு கழகமும் இரண்டாகப் பிரிந்தது. காசு வாங்காமல் விளையாட விரும்பியவர்கள் வாஸ்ப்ஸ் எஃப்.சி. என்ற பெயரில் லண்டன் அக்டனில் தங்கிவிட்டார்கள். இவர்களை ஞாபகம் வைத்திருங்கள்.

2002இல் ஃபுல்ஹாம் உதைபந்தாட்டக் கழகத்துக்கு லோஃப்டஸ் ரோட் தேவைப்பட்டது. வாஸ்ப்ஸ் லண்டனுக்கு வெளியே ஹை விக்கம் என்ற ஊருக்குப் போனது. அங்கேயும் வாடகைதான். இருந்தும் 2003, 2004, 2005, 2008 என்று நான்கு தரம் இங்கிலாந்துச் சம்பியன், 2004இலும் 2007இலும் ஐரோப்பியச் சம்பியன். லோரன்ஸ் டலாக்லியோ தலைமை தாங்கிய அந்த அணியை இன்றைக்கும் கதைப்பார்கள். லண்டன் ஆட்கள் ரயிலேறிப் போய்ப் பார்க்கக்கூடிய தூரம் என்பதால் பழைய ரசிகர்கள் கைவிடவில்லை.

கிண்ணம் வேறு, கணக்குப் புத்தகம் வேறு. அடுத்தவனின் மைதானத்தில் விளையாடினால் சாப்பாட்டுக் கடை, விளம்பரம், வாகனத் தரிப்பிடம் என்று வருகிற காசில் பெரும் பங்கு உங்களுக்கு இல்லை. 2012இல் வாஸ்ப்ஸ் வங்குரோத்தின் விளிம்பில் நின்றது. கீழ்ப்பிரிவுக்கு இறங்காமல் தப்பியதும் கடைசி நாள் ஆட்டத்தில்தான். 2013இல் டெரெக் றிச்சர்ட்சன் என்ற ஐரிஷ் வர்த்தகர் கழகத்தைப் பொறுப்பெடுத்தார். 2014 நடுப்பகுதியில் கழகப் பெயரில் இருந்த ‘லண்டன்’ என்ற சொல் சத்தமில்லாமல் எடுபட்டது. அதன் அர்த்தம் ஒக்டோபரில்தான் எல்லாருக்கும் விளங்கியது: கழகம் கொவென்ட்ரியின் ரிக்கோ அரீனாவை வாங்குகிறது. லண்டனிலிருந்து 150 கிலோமீற்றர் மட்டில்.

இங்கேதான் கதை சிக்கலாகிறது. ரிக்கோ அரீனா சும்மா கிடந்த கட்டடம் இல்லை. பழைய காஸ் தொழிற்சாலை நிலத்தில், 32,000க்கும் மேற்பட்ட இருக்கைகளோடு, கொவென்ட்ரி சிற்றி உதைபந்தாட்டக் கழகத்துக்காக 2005இல் திறந்த அரங்கு அது. அந்தக் கழகம் நூறு வருடத்துக்கு மேல் விளையாடிய தன் பழைய மைதானத்தை விட்டுத்தான் அங்கே வந்தது. ஆனால் அரங்கை நடத்திய கம்பனியில் பாதி மாநகர சபையிடமும் மற்றப் பாதி ஒரு உள்ளூர்த் தொண்டு நிறுவனத்திடமும் இருந்தது. உதைபந்தாட்டக் கழகம் வெறும் வாடகைக்காரன். வாடகைச் சண்டையில் 2013இல் நோர்தாம்ப்டன் என்ற அயல் நகரத்துக்குப் போய் ஒரு பருவம் முழுக்க விளையாடிவிட்டு, 2014 செப்டெம்பரில்தான் திரும்பியிருந்தார்கள். திரும்பி வந்து சில கிழமைகளிலேயே வீடு வேறொருவனுக்கு விற்றாயிற்று, குத்தகை 250 வருடம்! நகரத்துக்கு 1874 தொடக்கம் சொந்தமாக ஒரு றக்பிக் கழகமும் இருந்தது. 1973, 1974 இரண்டு வருடமும் தேசியக் கிண்ணம் வென்ற கழகம். அது கீழ்ப்பிரிவில் மூச்சுப் பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில் பக்கத்திலேயே பெரிய கடை திறந்த மாதிரி இது.

வாஸ்ப்ஸ் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். அரங்கோடு ஹோட்டல், கண்காட்சி மண்டபம், சூதாட்ட விடுதி எல்லாம் இருந்தன. ஆட்டம் இல்லாத நாட்களிலும் காசு வரும், அந்தக் காசில் றக்பி வாழும் என்பது கணக்கு. கணக்கு முட்டாள்தனமானது இல்லை. ஆனால் அதைக் கடனில் கட்டினார்கள். 2015இல் 6.5 வீத வட்டிக்கு 35 மில்லியன் பவுண் பிணைமுறி வெளியிட்டார்கள். பிணைமுறி என்றால் என்னவென்று எங்கட நாட்டில் இனி ஒருத்தருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. வாங்கியவர்களில் கழகத்தின் ரசிகர்களும் இருந்தார்கள். 2022 மே மாதம் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

ஆரம்பத்தில் எல்லாம் நன்றாகவே போனது. ஆட்டக்காரர்கள் சில காலம் அக்டனிலேயே பயிற்சி எடுத்து, ‘சொந்த ஊர்’ ஆட்டத்துக்குக் கொவென்ட்ரி போனது கொஞ்சம் பகிடிதான். 2017இல் இறுதிப் போட்டிக்கு வந்து எக்ஸீற்றரிடம் மேலதிக நேரத்தில் 23-20 என்று தோற்றார்கள். 2020இலும் இறுதிப் போட்டி, அதே எக்ஸீற்றரிடம் தோல்வி. இதற்கிடையில் 2019இல் கொவென்ட்ரி சிற்றி மறுபடி வெளியேறி இரண்டு பருவம் பேர்மிங்ஹாமில் அகதி போல விளையாடியது. பிறகு கொரோனா. ஆட்டமும் இல்லை, கண்காட்சியும் இல்லை. வட்டி மட்டும் நிற்கவில்லை.

2022 மே வந்தது, பிணைமுறிக்காரருக்குக் காசு வரவில்லை. அந்த யூலையில் பொதுநலவாய விளையாட்டு விழாவின் எழுவர் றக்பி இதே அரங்கில்தான் நடந்தது. இலங்கையின் ஆண், பெண் அணிகள் இரண்டும் அங்கே விளையாடின, தொலைக்காட்சியில் நாங்கள் பார்த்த அந்தப் புல் இதுதான். அடுத்தடுத்து நடந்த ஆட்டங்களில் தரை பழுதாகி, ஓகஸ்டில் கொவென்ட்ரி சிற்றியின் ஆட்டங்கள் பின்போடப்பட்டன. தனக்கென்று கட்டின அரங்கில் தன் பருவத்தைத் தொடங்க முடியாத கழகம்! ஒக்டோபரில் வாஸ்ப்ஸ் விழுந்தது. நவம்பரில் ஃப்றேசர்ஸ் என்ற வர்த்தகக் குழுமம் அரங்கை வாங்கியது.

எங்கள் அபிப்பிராயம் இதுதான்: முதல் இரண்டு தரமும் கழகம் ரசிகர்களைக் கூட்டிக்கொண்டு போனது. மூன்றாம் தரம் அவர்களை விட்டுவிட்டு, சனம் எங்கேயும் கிடைக்கும் என்று நம்பிப் போனது. கொவென்ட்ரியில் சனம் கிடைத்ததும் உண்மை. ஆனால் அந்த நகரத்தில் பலருக்கு வாஸ்ப்ஸ் என்றால் தங்கள் கழகத்தின் வீட்டை வாங்கிய ஆட்கள். கஷ்டம் வந்தபோது அந்தக் கோபம் மறக்கப்பட்டிருக்கவில்லை. மாநகர சபையையும் நாங்கள் சும்மா விடமாட்டோம். சொந்தக் குடியிருப்பாளனோடு இருந்த சண்டைக்கு வெளியூர்க் கழகத்தை மருந்தாக எடுத்தது அவர்கள்தான்.

2025இல் அரங்கைக் கொவென்ட்ரி சிற்றி வாங்கியது, திறந்து இருபது வருடத்துக்குப் பிறகு. வாஸ்ப்ஸ் பெயரைக் கையில் வைத்திருப்பவர்கள் கென்ற் மாவட்டத்தில் புது மைதானம் கட்டப்போவதாகச் சொல்லியிருக்கிறார்கள், அதுவும் இன்னொரு ஊர். அக்டனில் தங்கிவிட்ட அந்த வாஸ்ப்ஸ் எஃப்.சி. ஆட்கள் எங்கேயும் போகவில்லை. காசு வாங்காமல் விளையாடிக்கொண்டிருக்கிறார்கள்.